24 வோல்ட்டுக்குள் ஒரு மீட்டர்: வெயில், ஆவி, அமிலம் தாங்கும் லூப் பவர்டு இண்டிகேட்டரைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் முழு வழிகாட்டி

தொட்டிக்குக் கீழே, பைப் லைனுக்குப் பக்கத்தில், வால்வைத் திருப்புகிற ஆள் நிற்கும் இடத்தில் தொங்கும் சின்ன டிஜிட்டல் மீட்டரைப் பற்றியது இந்த வழிகாட்டி. அதற்குத் தனியாக 230 வோல்ட் வயர் கிடையாது, பேட்டரியும் கிடையாது. தொட்டி மட்டம், அழுத்தம் போன்றவற்றை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து பேனலுக்குப் போகிற இரண்டு வயரில் (இந்தச் சுற்றுதான் லூப்) ஓடும் 4–20 மில்லியாம்பியர் கரண்டை அளக்கிறது, அந்தக் கரண்டிலேயே தானும் ஓடுகிறது. கடைக்காரர்கள் லூப் பவர்டு இண்டிகேட்டர் என்பார்கள். வேலைத்தளத்தில் லூப் மீட்டர் என்றாலே புரியும்.

கப்பலூர் தொழிற்பேட்டை, ஸ்பின்னிங் மில், சாயப்பட்டறை, பால் பதப்படுத்தும் இடம், ரப்பர் யூனிட் என்று மதுரையைச் சுற்றி இந்த மீட்டருக்கு வேலை நிறைய. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மீட்டர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். லூப்பில் வோல்ட் போதவில்லை, வெயில் நேராக அடிக்கிறது, கேபிள் நுழையும் இடத்தில் உள்ள கிளாண்ட் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. இந்த மூன்றையும் வாங்குவதற்கு முன்பே யோசித்துவிட்டால், பிறகு ஏணி போட்டு ஏறுகிற வேலை பெரும்பாலும் மிச்சம்.

முதலில், இது எப்படி ஓடுகிறது

4–20 மில்லியாம்பியர் முறையில் 4 என்பது பூஜ்யம், 20 என்பது முழு அளவு. பூஜ்யத்தை 0-இல் வைக்காமல் 4-இல் வைத்ததற்கு இரண்டு காரணங்கள். வயர் அறுந்தால் கரண்ட் 0-க்கு வந்துவிடும். தொட்டி காலியா, வயர் போய்விட்டதா என்ற குழப்பம் இருக்காது. இன்னொன்று, தொட்டி காலியாக இருக்கும்போதும் அந்த 4 மில்லியாம்பியரை வைத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரின் எலக்ட்ரானிக்ஸ் ஓடலாம். நம் மீட்டரும் அந்த 4-ஐ நம்பித்தான் இருக்கிறது.

மீட்டர் லூப்பில் தொடராக, அதாவது சீரீஸில், உட்காருகிறது. பெரியாறு பாசன வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள்: வழியில் யாரும் மடை திறக்காதவரை ஓடுகிற தண்ணீரின் அளவு எங்கும் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு சரிவிலும் கொஞ்சம் உயரம் குறைந்துகொண்டே போகும். லூப்பில் கரண்ட் எங்கும் ஒன்றுதான். ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. 3 வோல்ட் எடுக்கும் மீட்டருக்கு 4 மில்லியாம்பியரில் கிடைப்பது வெறும் 12 மில்லிவாட். அதனால்தான் இவற்றில் பெரும்பாலும் எல்சிடி திரை. சிவப்பு எல்இடி எழுத்து எரிய இந்தத் தெம்பு போதாது. பேக்லைட் உள்ள மாடல்களில் கரண்ட் ஏற ஏறத்தான் வெளிச்சமும் கூடும். ஹூட்டரை அலற வைக்கும் ரிலேயையும் இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். சில மாடல்களில் ஓப்பன் கலெக்டர் எனும் சின்ன டிரான்சிஸ்டர் அலாரம் அவுட்புட் இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்கு இது தேவைதானா? இரவில் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து படிக்க வேண்டும் என்றால் தனி சப்ளை உள்ள பெரிய எல்இடி இண்டிகேட்டர் வாங்குங்கள். டிரான்ஸ்மிட்டரிலேயே திரை இருந்து, அது கண் உயரத்தில் இருந்தால் எதுவும் வாங்காதீர்கள். டிரான்ஸ்மிட்டர் தொட்டியின் தலைமேல் இருக்கிறது, பம்பை ஓட்டுகிறவர் கீழே இருக்கிறார், அங்கே பவர் பாயிண்ட் இல்லை என்றால் லூப் மீட்டரை விட நல்ல வழி கிடையாது.

வோல்ட் கணக்கு: கடைக்குப் போவதற்கு முன் போட வேண்டியது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு சாதாரண லூப்பை எடுத்துக்கொள்வோம். சப்ளை 24 வோல்ட். டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று அதன் டேட்டா ஷீட்டில் போட்டிருக்கிறது. பேனலில் கரண்டைப் படிக்கும் பிஎல்சி (கன்ட்ரோல் கணினி) அனலாக் கார்டு 250 ஓம். கேபிள் 300 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு. மீட்டர் 3 வோல்ட் எடுக்கும், பேக்லைட்டை இணைத்தால் இன்னொரு 3.

கணக்கை 20 மில்லியாம்பியரில் போடாதீர்கள், 22-இல் போடுங்கள். டிரான்ஸ்மிட்டருக்குள் கோளாறு வந்தால் அது கரண்டை 21-க்கு மேல் தூக்கி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைக்கும் வோல்ட் வேண்டும். 250 ஓமுக்கு 22 மில்லியாம்பியரில் 5.5 வோல்ட். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 18 ஓம்; போகவும் வரவும் 600 மீட்டர் என்றால் 11 ஓம், அதாவது கால் வோல்ட்டுக்கும் குறைவு. மொத்தம்: 12, 5.5, 0.24, 3. கூட்டினால் 20.74. மூன்று வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது, நிம்மதி. பேக்லைட்டைச் சேர்த்தால் 23.74. மிச்சம் கால் வோல்ட். பேனலில் இருக்கிற சப்ளை 23.5-க்கு இறங்கினால் கதை முடிந்தது.

கேபிள் நீளத்தைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள். கணக்கைப் பாருங்கள், கேபிள் எடுப்பது ஒன்றுமே இல்லை. வோல்ட்டை விழுங்குவது கார்டும் பேக்லைட்டும்தான். அப்புறம், தீப்பிடிக்கும் இடத்துக்குப் போகும் வோல்ட்டையும் கரண்டையும் கட்டுப்படுத்தும் பேரியர்.

இப்போது அதே லூப்பை ரப்பர் சொல்யூஷன் கலக்க வைத்திருக்கும் கரைப்பான் தொட்டிக்குக் கொண்டுபோவோம். தீப்பிடிக்கும் ஆவி உள்ள இடம், ஆகவே பேனலில் ஜீனர் பேரியர் வருகிறது. 28 வோல்ட், 300 ஓம் வகை சகஜமானது. 22 மில்லியாம்பியரில் அது மட்டும் 6.6 வோல்ட். பேக்லைட் இல்லாமலே மொத்தம் 27.34. நம்மிடம் இருப்பது 24.

என்ன ஆகும் என்பதுதான் விபரீதம். மீட்டர் அணைந்துபோகாது, எரர் காட்டாது. தொட்டி முக்கால்வாசி நிறையும்வரை எல்லாம் சரியாக ஓடும். டிரான்ஸ்மிட்டருக்கும் மீட்டருக்கும் கொடுத்தது போக மீதி 9 வோல்ட். 250, 300, 11 சேர்த்து 561 ஓம். 9-ஐ 561-ஆல் வகுத்தால் 16 மில்லியாம்பியர். கரண்ட் அதற்கு மேல் ஏற முடியாமல் முட்டி நிற்கும், அல்லது டிரான்ஸ்மிட்டர் ரீசெட் ஆகி ஆகி எழும். 4 மீட்டர் தொட்டியில் 16 மில்லியாம்பியர் என்பது 3 மீட்டர். கரைப்பான் 3.2, 3.5 என்று ஏறிக்கொண்டிருக்கும், மீட்டர் 3.0-இலேயே நிற்கும், பேனலும் அதையே காட்டும். 3.6-இல் வைத்த ஹை அலாரம் ஒருநாளும் அடிக்காது. இரண்டு திரைகளும் ஒன்றுபோல் காட்டுவதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

“அண்ணே, மீட்டரை மாத்திட்டேன், அப்பவும் மூணுலயே நிக்குது” என்று ஃபோன் வந்தால், மீட்டரைத் திட்டாமல் டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று கேளுங்கள்.

சரி, வழி என்ன? 1 வோல்ட் மட்டும் எடுக்கும் மீட்டர் கிடைக்கிறது. ஆனால் இந்த லூப்பில் அதைப் போட்டாலும் 19.6 மில்லியாம்பியரில் நின்றுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். 10.5 வோல்ட்டில் ஓடும் டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்தால் 22-ஐ மயிரிழையில் தாண்டும். சப்ளையை 28-க்கு ஏற்றலாமே என்று தோன்றும். ஜீனர் பேரியர் இருக்கும்போது கூடாது. ஜீனர் கடத்தத் தொடங்கி ஃபியூஸ் போய்விடும், பல பேரியர்களில் அந்த ஃபியூஸை மாற்றவும் முடியாது. கார்டு ரெசிஸ்டரை 100 ஓமாகக் குறைத்தால் கொஞ்சம் வோல்ட் மிச்சமாகும், ஆனால் டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கைக்கருவியான ஹார்ட் கம்யூனிகேட்டருக்கு லூப்பில் குறைந்தது 230 ஓம் வேண்டும், பேனல் பக்கத்தில் இணைத்தால் அது பேசாது. என் தேர்வு, பேனலையும் ஃபீல்டையும் நேரடி மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் கால்வானிக் ஐசொலேட்டர். ஃபீல்டு பக்கத்துக்கு அதுவே சப்ளை கொடுக்கும், கார்டின் 250 ஓம் அந்தக் கணக்கிலிருந்து விலகிவிடும். அதன் டேட்டா ஷீட்டில் அதிகபட்சக் கரண்டில் எத்தனை வோல்ட் தருகிறது என்று மட்டும் பாருங்கள். நம் உதாரணத்தில் டிரான்ஸ்மிட்டர், மீட்டர், கேபிள் மூன்றுக்கும் சுமார் 15.3 வேண்டும்.

எந்த மீட்டர்: இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

வெயிலிலிருந்து தொடங்குவோம், ஊர் மதுரையாயிற்றே. மே மாதம் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், நேர் வெயிலில் தொங்கும் உலோகப் பெட்டியின் உள்ளே 60-ஐத் தொடுவது அதிசயமில்லை. எல்சிடி சூடேறினால் திரை முழுக்கக் கறுத்துப்போகும், சாயங்காலம் தானாகத் தெளியும். மதியம் மட்டும் மீட்டர் கெடுகிறது என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது இதுதான். 60 டிகிரிவரை மட்டுமே தாங்கும் மாடலைக் கூரைமேல் வைக்காதீர்கள். 75 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முகப்புக்குக் கண்ணாடி நல்லது. பாலிகார்பனேட் சில கோடைகளில் மஞ்சளித்து மங்கிவிடும்.

தண்ணீருக்கு ஐபி எண். முதல் இலக்கம் 6 என்றால் தூசி உள்ளே போகாது. இரண்டாவது இலக்கம் 5 என்றால் சாதாரண நீர்ப்பீச்சு, 6 என்றால் பலமான பீச்சு, 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 67 என்பதால் பீச்சைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. அது வேறு சோதனை, இது வேறு சோதனை. பால் பதப்படுத்தும் இடத்தில் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறார்கள் என்றால் 66 என்று எழுதியிருக்க வேண்டும். 66, 67 இரண்டும் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

உடல் என்ன உலோகம் என்பதை விற்பனையாளரிடம் விட்டுவிடாதீர்கள். பெயிண்ட் அடித்த அலுமினியம் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். ஆனால் பால் லைனைக் கழுவும் காஸ்டிக் சோடாவும் சாயப்பட்டறையின் காரமும் அலுமினியத்தை அரித்துவிடும், பெயிண்ட் ஒரு கீறல் விட்டால் போதும். அங்கே 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அப்படியானால் எல்லா இடத்துக்கும் ஸ்டெயின்லெஸ் போட்டுவிடலாமா? கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியும் ஹைப்போகுளோரைட் தொட்டியும் இருக்கும் மூலையில் அதுவும் துரு பிடித்துப் பொத்தலாகும். அங்கே கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் பெட்டிதான் நிற்கும். விலையும் குறைவு. உள்ளே இருக்கும் பிசிபிக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆவியும் அமில வாடையும் உள்ள இடத்தில் அந்த மெல்லிய பூச்சு இல்லாத போர்டு பச்சை பூத்துவிடும்.

தீப்பிடிக்கும் ஆவி, வாயு உள்ள இடம் என்றால் இரண்டு வழி. ஒன்று இன்ட்ரின்சிக்கலி சேஃப், அதாவது எக்ஸ் ஐஏ: தீப்பொறி வந்தாலும் ஆவியைப் பற்றவைக்காத அளவுக்குச் சக்தியைக் குறைத்து வைப்பது. பேரியர் அல்லது ஐசொலேட்டர் கட்டாயம். பேரியரின் அதிகபட்ச வோல்ட், கரண்ட், பவர் மூன்றும் மீட்டரும் டிரான்ஸ்மிட்டரும் தாங்கும் எண்களுக்குள் இருக்க வேண்டும். கேபிளின் கெப்பாசிட்டன்ஸையும் இண்டக்டன்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காகிதத்தில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று ஃப்ளேம்ப்ரூஃப், எக்ஸ் டி: உள்ளே வெடித்தாலும் தீ வெளியே வராத பெட்டி. இதில் பேரியர் இல்லை, அந்த 6.6 வோல்ட் மிச்சம். ஆனால் சப்ளை இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. ஆகவே கண்ணாடியின் மேலிருந்தே விரலாலோ காந்தத்தாலோ அமுக்கும் பட்டன் உள்ள மாடலாகப் பாருங்கள். கிளாண்டும் ஃப்ளேம்ப்ரூஃப் கிளாண்டாகவே இருக்க வேண்டும். வோல்ட் நெருக்கடி உள்ள பழைய லூப்பில் புதிதாக மீட்டர் நுழைக்க நான் எக்ஸ் டி பக்கமே சாய்வேன். எரியும் வாயு, ஆவி உள்ள இடத்துக்கு ஐரோப்பியச் சான்றிதழை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அனுமதி அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் இடம்

சூரியன் படாமல் வடக்குப் பார்த்து வை என்பது பொதுவாகச் சொல்லும் யோசனை. மதுரை ஏறத்தாழ 9.9 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை இங்கே உச்சிவெயில் தலைக்குச் சற்று வடக்கே சாய்ந்துதான் அடிக்கும், நம் கடும் கோடையும் அதற்குள்தான் வருகிறது. எனவே வடக்குப் பார்த்து வைத்தாலும் தலைமேல் தகடு வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டாமல், காற்று போக ஒரு விரல் இடைவெளி விட்டு, முன்பக்கம் நன்றாக நீட்டி ஒரு ஜிஐ ஷீட் மடித்துப் போட்டால் தீர்ந்தது. மேற்குப் பார்த்து மட்டும் வைக்காதீர்கள். சாயங்கால வெயில் நேராகத் திரையில் விழும், தகடும் உதவாது.

ஸ்டீம் லைனிலிருந்தும் கியூரிங் பிரஸ்ஸிலிருந்தும் தள்ளி வையுங்கள். பம்பின் டெலிவரி பைப்பிலேயே கிளாம்ப் போட்டு மாட்டுவது சுலபமாகத் தெரியும், ஆனால் அதிர்வில் டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். தரையில் 2 அங்குலப் பைப் ஊன்றி யூ-கிளாம்பில் மாட்டுங்கள். உயரம், அந்த இடத்தில் வேலை செய்கிறவரின் கண் உயரம். நின்று பார்க்கிறவர் இஞ்சினியர், குனிந்து வால்வைத் திருப்புகிறவர் ஆபரேட்டர்; இருவரில் ஆபரேட்டர் பக்கம்தான் நியாயம்.

ஸ்பின்னிங் மில்லில் முகப்பு முழுக்கப் பஞ்சு படியும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். உலர்ந்த வேஸ்ட் துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக் முகப்பில் ஸ்டேட்டிக் ஏறும். கரைப்பான் ஆவி உள்ள இடத்தில் அது விளையாட்டில்லை.

கேபிள் நுழையும் ஓட்டை

ஐபி எண் எவ்வளவு இருந்தாலும், கிளாண்ட் சரியில்லை என்றால் அது பெட்டிக்கு ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும்தான். மீட்டர் வரும்போது ஓட்டைகளில் சிவப்புப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது லாரியில் வரும்போது தூசி போகாமலிருக்க, மழைக்கு அல்ல. பயன்படுத்தாத ஓட்டைக்கு முறையான உலோக பிளக் போடுங்கள். ஓட்டையின் மரை எம்20-ஆ, அரை அங்குல என்பிடி-யா என்று பார்க்காமல் கிளாண்ட் வாங்கினால் இரண்டு மரை ஏறி நிற்கும். டெஃப்லான் டேப் சுற்றிச் சமாளிக்கிறவர்கள் உண்டு, நீங்கள் செய்யாதீர்கள். கிளாண்டின் ரப்பர் கேபிளின் வெளிவிட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

கேபிள் கீழிருந்து மேலே நுழையட்டும். நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிப்போகும். வெயிலில் காய்ந்த பெட்டிமேல் சாயங்காலம் கோடைமழை விழுந்தால், உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் கிளாண்டின் மேல் நிற்கும் தண்ணீரைப் பெட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். கசிவில்லாத இடத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்று வியப்பவர்களுக்கு விடை இது. மூடியின் ஓ-ரிங்கில் மண் துகள் ஒட்டியிருக்கக் கூடாது. சிலிக்கான் கிரீஸ் ஒரு பூச்சு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. பல்லியும் குளவியும் திறந்த ஓட்டையைத் தேடி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். டெர்மினலில் ஷார்ட் ஆகிக் கிடக்கும் பல்லி, நம் ஊர் மெயின்டனன்ஸ்காரர் எல்லாரும் பார்த்த காட்சி.

இணைப்பு

லூப்பைத் திறந்தால் பேனலில் அந்த அளவு கீழே விழும். அந்த அளவை வைத்து ஒரு வால்வோ பம்போ ஓடுகிறது என்றால் முதலில் அதை மேனுவலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பாய்லர் தண்ணீர் மட்டம் போன்ற, இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் டிரிப் உள்ள லூப் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது ஷட்டவுனுக்குக் காத்திருங்கள்.

சப்ளையை எடுத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் இரண்டு வயரில் ஏதாவது ஒன்றை வெட்டி மீட்டரை நடுவில் சேர்க்கிறோம். பாசிட்டிவ் வயரை வெட்டினால் பேனலிலிருந்து வரும் முனை மீட்டரின் பிளஸ்ஸில், டிரான்ஸ்மிட்டர் பிளஸ்ஸுக்குப் போகும் முனை மீட்டரின் மைனஸில். நெகட்டிவ்வை வெட்டினால் டிரான்ஸ்மிட்டர் மைனஸிலிருந்து வருவது மீட்டரின் பிளஸ்ஸில். கரண்ட் உள்ளே வரும் பக்கம் பிளஸ் என்று நினைவில் வைத்தால் குழம்பாது. முனைகளுக்கு ஃபெரூல் அடியுங்கள்.

மீட்டரை இரண்டு வயருக்கும் குறுக்கே இணைப்பதுதான் இதில் செய்யக்கூடிய மோசமான தவறு. அப்படிச் செய்தால் டிரான்ஸ்மிட்டரின் கட்டுப்பாடு இல்லாமல் கரண்ட் நேராக மீட்டர் வழியாகப் பாயும்.

கேபிளின் ஷீல்டை மீட்டர் பெட்டிக்குள் தொடர்ந்து இணைத்துக்கொண்டு போங்கள், ஆனால் அங்கே எர்த் செய்யாதீர்கள். எர்த் பேனல் பக்கம் மட்டும், ஒரே இடத்தில். பெட்டியின் உடலுக்கு எர்த் வேறு, அது கட்டாயம். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிள் போகும் டிரேயில் சிக்னல் கேபிளைப் படுக்கப் போட்டால் இலக்கங்கள் ஆடும். தனி டிரே, குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கவும்.

மேல்நிலைத் தொட்டி, திறந்தவெளி ஏரியா என்றால் மின்னலால் வரும் வோல்ட் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் இரண்டு முனையிலும் போடுங்கள். சித்திரை, வைகாசியில் கோடை இடி, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, ஆண்டுக்கு இரண்டு சீசன் நமக்கு. அரெஸ்டருக்கும் கொஞ்சம் ஓம் உண்டு, அதை வோல்ட் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேல் போடுவது

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மட்ட டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 71 அடிவரை 4–20 அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டு பழகிப் பாருங்கள். மீட்டரில் முதல் புள்ளி 4.00 மில்லியாம்பியர், காட்ட வேண்டியது 0.0. இரண்டாவது புள்ளி 20.00, காட்ட வேண்டியது 71.0. இடையில் எதுவானாலும் மில்லியாம்பியரில் 4-ஐக் கழித்து, 16-ஆல் வகுத்து, 71-ஆல் பெருக்க வேண்டும். 12 என்றால் 35.5 அடி. திருப்பிப் போட்டால், முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடும் 66 அடிக்கு 18.87, மூன்றாவது எச்சரிக்கை விடும் 69 அடிக்கு 19.55.

இதில் இரண்டு தசம இடம் வைக்க ஆசை வரும். டிரான்ஸ்மிட்டரின் துல்லியம் 0.1 சதவீதம் என்றால் 71 அடியில் அது 0.07 அடி. இரண்டாவது இலக்கம் சும்மா ஆடிக்கொண்டிருக்கும், ஆபரேட்டர் நம்பிக்கை இழப்பார். ஒன்று போதும். அலை, கலக்கி உள்ள தொட்டியில் மீட்டரின் ஃபில்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஆரிஃபிஸ் பிளேட்டில் (பைப்புக்குள் வைக்கும் ஓட்டை போட்ட தகடு) பிரஷர் வித்தியாசத்தை அளக்கும் டிபி டிரான்ஸ்மிட்டர் வைத்து ஃப்ளோ அளப்பவர்கள் கவனிக்க வேண்டியது வர்க்கமூலம். பிரஷர் வித்தியாசம் கால்வாசி இருக்கும்போது ஃப்ளோ பாதி. 8 மில்லியாம்பியரில் 50 சதவீதம், 12-இல் 70.7. இந்த வேலையை டிரான்ஸ்மிட்டர் செய்ய வேண்டும், அல்லது மீட்டர் செய்ய வேண்டும். இரண்டிலும் போட்டுவிட்டால் கீழ்மட்டத்தில் ஃப்ளோ தாறுமாறாக அதிகம் காட்டும். டிரான்ஸ்மிட்டரிலேயே போட்டுவிடுவது என் வழக்கம், அப்போது பேனலும் மீட்டரும் முரண்படாது.

படுத்த உருளைத் தொட்டியில் லிட்டர் காட்ட வேண்டுமானால் இரண்டு புள்ளி போதாது. கால்வாசி உயரத்தில் கொள்ளளவு 25 சதவீதம் இல்லை, சுமார் 19.6. முக்கால் உயரத்தில் 80.4. பல புள்ளிகள் கொடுக்கும் வசதி உள்ள மீட்டராக இருந்தால் எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் டிப் சார்ட்டைப் பார்த்து நிரப்பலாம்.

சரிபார்ப்பது

பணிமேசையில், வேண்டிய கரண்டைத் தரும் லூப் கேலிபரேட்டரை வைத்து 4, 8, 12, 16, 20 ஏற்றி, பிறகு இறக்கிப் பாருங்கள். நம் உதாரணத்தில் 0, 17.8, 35.5, 53.3, 71 வர வேண்டும். இது மீட்டருக்கான சோதனை மட்டும்தான்.

லூப்புக்கான சோதனை பொருத்திய பிறகு. டிரான்ஸ்மிட்டரின் லூப் டெஸ்ட் மெனுவில் கரண்டை 20-இலும் பிறகு 21.5-இலும் நிறுத்துங்கள், பேக்லைட் எரியட்டும். டிரான்ஸ்மிட்டரின் டெர்மினலில் வோல்ட்டைப் பாருங்கள். டேட்டா ஷீட்டில் உள்ள குறைந்தபட்சத்தை விட ஒரு வோல்ட்டாவது கூடுதலாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். தீப்பிடிக்கும் ஏரியாவில் இதற்கான மல்டிமீட்டரும் அந்த இடத்துக்கு அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும், அல்லது கேஸ் சோதனை செய்து பெர்மிட் எடுத்திருக்க வேண்டும்.

கோளாறு வந்தால்

திரை வெறுமையாக இருக்கிறது, பேனலில் ரீடிங் வருகிறது என்றால் மீட்டரோ அதன் டெர்மினலில் ஷார்ட்டோ. திரையிலும் பேனலிலும் ரீடிங் இல்லை என்றால் லூப் அறுந்திருக்கிறது அல்லது சப்ளை போய்விட்டது. பூஜ்யத்துக்குக் கீழே, நம் ஸ்கேலில் மைனஸ் 1.8 அடி போல நிலையாக நின்றால் அது 3.6 மில்லியாம்பியர், 75.4 என்று நின்றால் 21. நாமுர் என்இ 43 என்ற தொழில்துறைப் பரிந்துரையின்படி இரண்டுமே டிரான்ஸ்மிட்டர் தன் கோளாறைச் சொல்லும் அளவுகள். மீட்டரைக் கழற்ற வேண்டாம்.

மீட்டர் ஒன்று காட்டுகிறது, பேனல் வேறு காட்டுகிறது என்ற புகார் சுவாரஸ்யமானது. இரண்டிலும் ஒரே கரண்ட்தான் ஓட வேண்டும். முதலில் ஸ்கேல் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தும் வேறுபட்டால் ஈரத்தைத் தேடுங்கள். மீட்டரின் பிளஸ், மைனஸுக்கு நடுவே ஈரம் இருந்தால் கரண்டின் ஒரு பகுதி மீட்டரைத் தாண்டிப் போய்விடும். மீட்டர் குறைவாகக் காட்டும், பேனல் சரி. மீட்டருக்கும் பேனலுக்கும் நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸில் இரு வயருக்கும் இடையே ஈரம் என்றால் பேனல் கூடுதலாகக் காட்டும், மீட்டர் சரி. டிரான்ஸ்மிட்டரின் டெர்மினலிலேயே ஈரம் என்றால் இரண்டும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டுபிடிக்க டிப் ஸ்டிக் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீட்டரை மாற்ற வேண்டிய நாளில், புதியதைப் பணிமேசையிலேயே ஸ்கேல் போட்டு எடுத்துப் போங்கள். பழைய மீட்டரின் இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால் முதலில் இணைத்துவிட்டுப் பிறகு கழற்றினால் லூப் அறுகாது, பேனலில் ரீடிங் தொடர்ந்து ஓடும். தீப்பிடிக்கும் ஏரியாவில் இந்த வேலை பெர்மிட்டோடு மட்டுமே. எக்ஸ் டி பெட்டி என்றால் சப்ளையை எடுத்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். புதியதை இணைத்து, துண்டு வயரை எடுத்து, திரை எழுந்ததும் பேனலில் இருப்பவரைக் கூப்பிட்டு எண்ணைக் கேளுங்கள். மூடியின் உட்புறம் ஒரு ஸ்டிக்கரில் டேக் எண் (கருவியின் அடையாள எண்), ஸ்கேல், வர்க்கமூலம் எதில் போட்டிருக்கிறது, 20 மில்லியாம்பியரில் டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் இருந்த வோல்ட், தேதி எல்லாவற்றையும் எழுதி ஒட்டிவிட்டு மூடியை இறுக்குங்கள்.